400 பேர் சாப்பிடும் இடத்தில் பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதிலாக எதை வைப்பது?

கேள்வி
எழுதியவர்: பரிமாறுகிறவர்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாள் நடக்கும் கருத்தரங்கு ஒன்றில் ஏறத்தாழ 400 பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை உணவு அளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அரங்கில் பாத்திரம் கழுவும் இடம் மிகவும் சிறியது. ஆகவே இதுநாள் வரை அங்கே பிளாஸ்டிக் கரண்டியும் கிண்ணமுமே புழங்கி வந்திருக்கின்றன. இந்த முறை அவை வேண்டாம் என்று அமைப்பாளர்கள் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டு, பதிலுக்கு எது என்பதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாதிரிக்கு நான்கு வகைப் பொருள்களை வரவழைத்துச் சமையலறை மேசையில் வைத்துச் சோதித்தேன். முதலாவது, மாவைப் பிசைந்து அச்சில் சுட்ட, சாப்பிட்டு முடித்ததும் தின்றுவிடக்கூடிய கரண்டி. இரண்டாவது, பார்வைக்கு அசல் பிளாஸ்டிக் போலவே இருக்கும் வெள்ளைக் கரண்டி. அதன் உறையில் தாவரங்களிலிருந்து செய்யப்பட்டது என்றும் மட்கும் தன்மை உடையது என்றும் அச்சிட்டிருக்கிறது. மூன்றாவது மெல்லிய மரக் கரண்டி. நான்காவது கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த கிண்ணம்.

அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பை அந்தக் கிண்ணத்தில் ஊற்றி மூன்று கரண்டிகளையும் அதில் நிறுத்தி வைத்தேன். வெள்ளைக் கரண்டி ஒரு நிமிடத்துக்குள் கழுத்து துவண்டு, கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்துகொண்டது. மாவுக் கரண்டி அதைவிட நன்றாகத் தாங்கியது என்றாலும், எட்டாவது நிமிடத்தில் எடுத்துப் பார்த்தபோது அதன் குழியின் ஓரம் ஊறிப்போய், விரல் பட்டதும் சூப்பிலேயே உதிர்ந்தது. மரக் கரண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாயில் வைத்தால் ஐஸ் குச்சியைச் சப்புவது போல இருக்கிறது. எடையும் போட்டுப் பார்த்தேன்: பழைய பிளாஸ்டிக் கரண்டி 3 கிராம், மாவுக் கரண்டி 9 கிராம்.

என் ஐயங்கள் இவை. மாவுக் கரண்டியை மக்கள் உண்மையிலேயே தின்பார்களா, தின்னாமல் குப்பையில் போட்டால் அதனால் என்ன பயன்? ‘மட்கும்’ என்று அச்சிட்ட வெள்ளைக் கரண்டி சாதாரணக் குப்பையோடு போய்ச் சேர்ந்தால், அது பிளாஸ்டிக்கைவிட எந்த வகையில் மேலானது? உண்ணக்கூடிய பொருள் என்றாலே அதில் ஒவ்வாமை போன்ற பிரச்சினைகளும் கூடவே வருமே, அவற்றை எப்படிக் கையாள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: அடுமனைக்காரர்

நான் பல ஆண்டுகளாகப் பிஸ்கட் தயாரிப்பில் இருக்கிறேன். இடையில் ஒரு பருவம் மாவுக் கரண்டி செய்து பார்த்து, கை சுட்டுக்கொண்டவன் என்பதால் உங்கள் முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் பதில் சொல்லத் துணிகிறேன்.

மாவுக் கரண்டி அடிப்படையில் ஒரு பிஸ்கட்தான். ஆனால் பிஸ்கட்டுக்கு எவையெல்லாம் சிறப்போ அவையெல்லாம் கரண்டிக்கு ஆகாது. பிஸ்கட் வாயில் கரைய வேண்டும் என்பதற்காக நாங்கள் கொழுப்பைச் சேர்க்கிறோம். அந்தக் கொழுப்பு மாவுத் துகள்களைச் சூழ்ந்துகொண்டு, கோதுமையின் பசைப்புரதம் வலைபோல் பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. கரண்டியில் அந்த வலை வேண்டும். ஆகவே கொழுப்பையும் சர்க்கரையையும் குறைத்து, மாவைக் கெட்டியாகப் பிசைந்து, காற்றறைகள் இல்லாதபடி அச்சில் அழுத்தி, ஈரம் கிட்டத்தட்ட முழுவதும் போகும்வரை உலர்த்த வேண்டியிருக்கிறது. இப்படிச் செய்த கரண்டி பல்லுக்கு வேலை வைக்கும். உறுதியான கரண்டி தின்னச் சுவையாக இருப்பதில்லை, தின்னச் சுவையான கரண்டி சூப்பில் நிற்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாத் தயாரிப்பாளர்களும் தடுமாறுகிறோம்.

நீங்கள் பார்த்த ஊறல் எதனால் என்றால், சுட்ட மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். நீர் அவற்றின் வழியே தானாக ஏறுகிறது. நீரின் சூடு 60 டிகிரியைத் தாண்டினால் மாவுச்சத்து வேறு உப்பத் தொடங்கிவிடுகிறது. அதே கரண்டியைக் குளிர்ந்த தயிரிலோ ஐஸ்கிரீமிலோ வைத்துப் பாருங்கள், அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். உண்ணக்கூடிய கலங்களிலேயே உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது ஐஸ்கிரீம் கோன் ஒன்றுதான் என்பது தற்செயல் அல்ல. நியூயார்க்கில் இட்டாலோ மார்க்கியோனி என்பவர் உண்ணக்கூடிய கிண்ணங்களை வார்க்கும் அச்சுக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் பிறகு கோன் பரவலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதன் உள்ளே இருக்கும் பொருள் குளிர்ந்தது, கெட்டியானது, பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுவது, கோனும் இனிப்பானது. இத்தனை சாதகங்களும் ஒரே இடத்தில் கூடியதால்தான் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. சூப்புக் கரண்டிக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

கரண்டிகளில் பெயர் பெற்றவர் ஐதராபாத்தைச் சேர்ந்த நாராயண பீசபதி. அவர் சோளம், அரிசி, கோதுமை மாவுகளைக் கலந்து கரண்டி செய்தார். 2016 வாக்கில் அந்தச் செய்தி உலகம் முழுவதும் சுற்றி வந்தது. சோளத்தில் கோதுமையைப் போன்ற பசைப்புரதம் இல்லை என்பதால் அதை மட்டும் வைத்துக் கரண்டி நிற்காது. கலவையில்தான் சூட்சுமம் இருக்கிறது. போலந்தில் கோதுமைத் தவிட்டைச் சிறிது நீருடன் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத் தட்டுகளாக வார்க்கிறார்கள். அதையும் தின்னலாம் என்கிறார்கள். தின்னலாம்தான், ஆனால் தவிட்டைத் தின்பதற்கென்று விருந்துக்கு யாரும் வருவதில்லை.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மேற்பூச்சு இருக்கிறதா, இருந்தால் எதனால் ஆனது? மக்காச்சோளப் புரதப் பூச்சும் உண்டு, அரக்குப் பூச்சும் உண்டு. அரக்கு பூச்சியிலிருந்து வருவது என்பதால் விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பவர்களுக்கு அது ஏற்புடையதல்ல. அடுத்து, எப்படிப் பொதிந்து வருகிறது? மாவுக் கரண்டி ஓர் உணவுப்பொருள். காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டு வரும். ஒவ்வொரு கரண்டியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டதை வாங்கினால் பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறையை விநியோகம் செய்தவர் ஆவீர்கள். மூன்றாவது, ஒவ்வாமை. கோதுமை, சோயா, பால், எள் எதுவானாலும் உணவுப்பட்டியலில் எழுதுவது போலவே கரண்டிக்கும் எழுதி வைக்க வேண்டும். கோதுமைப் பசைப்புரதம் ஆகாதவர் அந்தக் கரண்டியைக் கடிக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு சாப்பிட்டாலே போதும், துகள் வயிற்றுக்குள் போய்விடும். உணவைத் தவிர்க்கத் தெரிந்தவர்களுக்குக்கூடக் கரண்டியைச் சந்தேகிக்கத் தோன்றாது என்பதுதான் இதில் ஆபத்து.

என் கை சுட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பிலிருந்து வெளிவந்தபோது ஒரு கீறல் இல்லாமல் இருந்த கரண்டிகள், பெட்டியில் அடுக்கி மறுநாள் திறந்தபோது கழுத்தில் மயிரிழை விரிசலோடு கிடந்தன. ஓரம் முழுதாக உலர்ந்து நடுவில் மட்டும் ஈரம் மிஞ்சியிருந்தால், அந்த ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகரும்போது ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் சுருங்கி இப்படி வெடிக்கும். பிஸ்கட்டிலும் இது உண்டு, ஆனால் உடைந்த பிஸ்கட்டைத் தின்னலாம், உடைந்த கரண்டியை வைத்து எதையும் தின்ன முடியாது. ஆகவே வந்த பெட்டியை அன்றே நம்பிவிடாமல் ஒரு நாள் கழித்து இருபது கரண்டிகளை எடுத்து வளைத்துப் பாருங்கள்.


பதில் 2
எழுதியவர்: உரமேடு

அடுமனைக்காரர் உணவு மேசை வரை சொல்லிவிட்டார். நான் வேலை செய்வது அதற்குப் பிறகான இடத்தில். உணவுக் கழிவையும் தோட்டக் கழிவையும் சேர்த்து உரமாக்கும் ஒரு பெரிய தளத்தில் சல்லடைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் வெள்ளைக் கரண்டி பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பொருளால் ஆனதாக இருக்கும். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து, அதில் கிடைக்கும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து இதைச் செய்கிறார்கள். 55 முதல் 60 டிகிரிச் சூட்டில் இது இளகத் தொடங்கும் என்பதால்தான் சூப்பில் துவண்டது. படிகமாகும்படி பக்குவப்படுத்திய வகை ஒன்றும் இருக்கிறது. அது 80 டிகிரி அளவிலான சூட்டையும் தாங்கும். ஆனால் கவனிக்க வேண்டியது இந்த 60 டிகிரி என்ற எண்ணைத்தான். அந்தச் சங்கிலி நீரால் வேகமாக அறுபடுவதற்கும் ஏறக்குறைய அதே சூடு வேண்டும். பெரிய உரக்குவியலின் நடுவில் நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டைத் தாமே உண்டாக்குகின்றன. வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ வெறும் மண்ணிலோ கடலிலோ அந்தச் சூடு கிடையாது; அங்கே இந்தக் கரண்டி ஆண்டுக்கணக்கில் கரண்டியாகவே கிடக்கும்.

‘மட்கும்’ என்ற முத்திரைக்கு ஐரோப்பாவில் அடிப்படையாக உள்ள ஈஎன் 13432 என்ற தரநிலை சொல்வது இதுதான்: தொழில்முறை உரத்தளத்தின் நிலைமைகளில் 12 வாரங்களுக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் மேலே தங்குவது பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, ஆறு மாதங்களுக்குள் பொருளின் 90 விழுக்காடு உயிரிச்சிதைவு அடைந்து கரியமில வாயுவாக மாற வேண்டும், கன உலோகங்களும் செடிகளைப் பாதிக்கும் நஞ்சும் அளவு மீறி இருக்கக்கூடாது. நல்ல தரநிலைதான். ஆனால் அது சோதனைக்கூடத்தில் ஏறத்தாழ 58 டிகிரியில் வைத்துப் பார்த்த முடிவு. எங்கள் தளத்தில் ஒரு குவியல் எட்டு வாரத்தில் சல்லடைக்கு வந்துவிடும், ஏனென்றால் அடுத்த லாரி வாசலில் நிற்கும். உருளைச் சல்லடை சுழலும்போது கறுப்பு உரம் கீழே கொட்ட, மேலே வெள்ளை முட்கரண்டிகள் கழுவி வைத்தது போல் பளபளவென்று உருண்டு வருவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். சிலவற்றை எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடியும், அதாவது சங்கிலி அறுபடத் தொடங்கிவிட்டது, இன்னும் ஒரு மாதம் கொடுத்தால் போய்விடும். சில வளையவே வளையாது. அவற்றில் எது மட்கும் வகை, எது பாலிஸ்டைரின் என்ற சாதாரணப் பிளாஸ்டிக் என்று ஓடும் பட்டையில் ஒரு நொடிக்குள் கண்ணால் பிரிக்க எவராலும் முடியாது. ஆகவே வெள்ளையாகப் பளபளப்பது எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட்டுவிடுகிறோம். அது பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கும் ஆகாது. குளிர்பான பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் இது சிறிது கலந்தாலே, உருக்கிய அந்தப் பிளாஸ்டிக்கின் தரம் கெட்டுவிடும்.

மரக் கரண்டியைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. முதல் சுற்றில் மட்காவிட்டால் அடுத்த குவியலில் மரச் சீவல்களோடு மறுபடி போட்டுவிடுவோம். கரும்புச் சக்கைக் கிண்ணம் கிழிந்து ஈரமானால் சில வாரங்களில் அடையாளமே இருக்காது. ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எண்ணெய் ஒழுகாமல் இருக்க அழுத்திய நார்க் கிண்ணங்களில் ஃப்ளூரின் சேர்ந்த வேதிப்பொருள்களைக் கலக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கிண்ணம் மட்கும், அந்த வேதிப்பொருள் மட்காது. உரத்தோடு வயலுக்குப் போய்விடும். டென்மார்க் 2020-இல் காகித, அட்டை உணவுக்கலங்களில் இதைத் தடை செய்தது. அமெரிக்காவில் எண்ணெய் புகாமைக்காக இவற்றைச் சேர்க்கும் பொருள்களின் விற்பனை நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இருந்தாலும் பழைய சரக்கும் பிற நாட்டுச் சரக்கும் புழக்கத்தில் இருக்கலாம் என்பதால், ஃப்ளூரின் சேர்க்கவில்லை என்பதற்கு எழுத்து மூலம் உறுதி வாங்குங்கள்.

நீங்கள் முதலில் பேச வேண்டியது கரண்டி விற்பவரிடம் அல்ல, உங்கள் குப்பையை எடுத்துச் செல்பவரிடம். எந்த வண்டி வருகிறது, அது எங்கே கொட்டுகிறது, அங்கே எதை ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.


பதில் 3
எழுதியவர்: கணக்குப்பிள்ளை

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. உண்ணக்கூடிய கரண்டி என்ற எண்ணத்தோடு மட்டும் எனக்கு மனக்கசப்பு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

400 பேர், நாளொன்றுக்கு இரண்டு வேளை, இரண்டு நாள் என்றால் 1,600 கரண்டிகள். ஒன்று 9 கிராம் என்றால் மொத்தம் 14.4 கிலோ சுட்ட மாவு. அதை விளைவித்து, அரைத்து, சுட்டு, உடையாமல் பொதிந்து, லாரியில் ஏற்றி அனுப்பியாக வேண்டும். பழைய பிளாஸ்டிக் கரண்டிகள் அதே எண்ணிக்கைக்கு 4.8 கிலோதான். தின்றால் அது உணவு. ஒரு கரண்டி ஏறத்தாழ 35 கலோரி. தின்னாவிட்டால் அது விலை கூடிய உணவுக் கழிவு. அந்தக் கழிவு காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், புதைகுழியில் மட்கவே மட்காத வெள்ளைக் கரண்டி இந்த ஒரு கணக்கில் மட்டும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

ஆனால் கரண்டிகளின் எடையைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருவர் தட்டில் 50 கிராம் உணவை மிச்சம் வைத்தாலே ஒரு வேளைக்கு 20 கிலோ, நான்கு வேளைக்கு 80 கிலோ. அந்த 80 கிலோவும் உரமாகுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதோடு கலந்து கிடக்கும் கரண்டிகள்தான். பிளாஸ்டிக் கரண்டி கலந்த உணவுக் கழிவை உரத்தளம் திருப்பி அனுப்பிவிடும். மட்கும் கரண்டியின் உண்மையான பெறுமதி அது தான் மட்குவதில் இல்லை. பிரிக்கும் வேலை இல்லாமல் மிச்ச உணவையும் தன்னோடு உரத்தளத்துக்குச் சேர்ப்பதில் இருக்கிறது. அப்படி ஏற்றுக்கொள்ளும் தளம் இல்லாத இடத்தில் மட்கும் கரண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது மன ஆறுதலுக்குக் கொடுக்கும் விலை.

சட்டத்தின் போக்கையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019/904 என்ற உத்தரவின்படி 2021 ஜூலை 3 முதல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைத் தடை செய்தபோது, தாவரத்திலிருந்து வந்ததற்காகப் பாலிலாக்டிக் அமிலத்துக்கு விலக்கு அளிக்கவில்லை. வேதிமாற்றம் செய்யாத இயற்கைப் பொருளுக்கு மட்டுமே விலக்கு. பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியாக உடைய வைக்கும் வேதிப்பொருள் சேர்த்து ‘சிதையும் பிளாஸ்டிக்’ என்று விற்றதையும் அதே உத்தரவு அடியோடு தடுத்துவிட்டது. இந்தியா 2022 ஜூலை 1 முதல் இதே போன்ற பொருள்களைத் தடை செய்தபோது, சான்றிதழ் பெற்ற மட்கும் பிளாஸ்டிக்குக்கு இடம் விட்டது. ஒரே கரண்டி ஓரிடத்தில் பிளாஸ்டிக், இன்னோரிடத்தில் பிளாஸ்டிக்குக்கு மாற்று. முத்திரையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் நானே கேட்டுக்கொள்கிறேன்: ஸ்டீல் கரண்டி ஏன் கூடாது? உங்கள் அரங்கில் கழுவும் இடம் போதாது என்பது தட்டுகளுக்கும் கிண்ணங்களுக்கும் பொருந்தும். 400 ஸ்டீல் கரண்டிகள் இரண்டு மூன்று கூடைகளில் அடங்கிவிடும். இயந்திரத்தில் கழுவிச் சுடுநீரில் அலசி அடுத்த வேளைக்குத் திருப்பிவிடலாம், அல்லது வாடகைக்கு எடுத்து 800-ஆக வைத்துக்கொண்டு வெளியே அனுப்பிக் கழுவலாம். உணவுக்கலங்களின் பாதிப்பை அவற்றைச் செய்வது முதல் குப்பையாவது வரை கணக்கிடும் வாழ்நாள் ஆய்வுகளைத் தொகுத்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும், ஒருமுறைப் பொருள்களில் எது நல்லது என்று தேடுவதைவிடத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே மேல் என்ற பக்கம்தான் சாய்கிறது. எத்தனை முறை பயன்படுத்துகிறோம், கழுவ எவ்வளவு சூடும் நீரும் செலவாகிறது என்பவற்றைப் பொறுத்து அந்த இலாபம் கூடும் குறையும்.


பதில் 4
எழுதியவர்: அடுமனைக்காரர்

கணக்குப்பிள்ளை அவர்களின் மனக்கசப்பில் நியாயம் உண்டு, ஆனால் ஒரு திருத்தம். நல்ல மாவை எடுத்துத்தான் கரண்டி செய்ய வேண்டும் என்பதில்லை. நொறுங்கிய அரிசி, தவிடு, எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு போன்று ஏற்கனவே விளைந்து, விலை இறங்கிப்போன பொருள்களைப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் விளைச்சல் கணக்கு குறைந்துவிடும். சுடுவதற்கான எரிபொருள் கணக்கு குறையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நிறம் வரட்டும் என்று கரண்டியை அதிகமாகச் சுட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல. 120 டிகிரிக்கு மேல் ஈரம் குறைந்த மாவில் அக்ரிலமைடு என்ற, உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய வேதிப்பொருள் உருவாகும். எந்தப் பிஸ்கட்டிலும் இருக்கும் பிரச்சினைதான் என்றாலும், கரண்டி உலரும் வரை சுட வேண்டிய பண்டம் என்பதால் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறவரிடம் வாங்குவது நல்லது. கரும்பழுப்புக் கரண்டி கண்ணுக்கு இயற்கையாகத் தெரிந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன்.


பதில் 5
எழுதியவர்: ஒருமுறை பட்டவர்

சுருக்கமாக என் அனுபவம். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் உண்ணக்கூடிய கரண்டியை வைத்தோம். முதல் வரிசையில் வந்தவர்கள் ஆர்வமாகக் கடித்துப் பார்த்தார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தின்னும் பொருள் என்பதே தெரியவில்லை, ஏனென்றால் அறிவிப்பைக் கரண்டிப் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்தோம். கூட்டம் முடிந்ததும் தொட்டியைக் கிளறினால் நுனி மட்டும் கடித்த கரண்டிகள்தான் அதிகம். பலர் ஒரு கடி கடித்துவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று போட்டிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்த பிறகு கரண்டி ஒன்று கையில் மிஞ்சினால், நிறைந்த வயிற்றோடு உப்புச்சப்பில்லாத பிஸ்கட்டைத் தின்ன யாருக்கு மனம் வரும்? ஐஸ்கிரீமுக்கு வைத்த சிறு கரண்டிகள் மட்டும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவற்றில் கொஞ்சம் சர்க்கரையும் ஏலக்காயும் இருந்தன.


பதில் 6
எழுதியவர்: பரிமாறுகிறவர்

எல்லோருக்கும் நன்றி. உரமேடு அவர்கள் சொன்னபடி குப்பை எடுப்பவரிடம் முதலில் பேசினேன். அவருடைய வண்டி போகும் உரத்தளத்தில் பூச்சு இல்லாத மரத்தையும் சக்கைக் கிண்ணத்தையும் உணவோடு சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்கள். வெள்ளைக் கரண்டி எந்த முத்திரையோடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அது பட்டியலிலிருந்து போய்விட்டது.

உணவுப்பட்டியலையும் சற்று மாற்றிவிட்டேன். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியோடு கொடுப்பதற்குப் பதிலாக, சிறிய சக்கைக் குவளையில் ஊற்றிக் கொடுத்தால் அப்படியே உறிஞ்சிக் குடித்துவிடலாம். கரண்டியே தேவையில்லை என்பது இத்தனை சோதனைக்கும் பிறகுதான் எனக்கு உறைத்தது. மதிய உணவுக்கு வாடகை ஸ்டீல் கரண்டிகள் 800 எடுக்கிறோம். ஐஸ்கிரீமுக்கு மட்டும் இனிப்பு மாவுக் கரண்டி. அதன் பெட்டிக்கு முன்னால், கண் மட்டத்தில், இதில் கோதுமை உண்டு என்றும் இதைத் தின்னலாம் என்றும் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம். கோதுமை ஆகாதவர்களுக்கு அதே மேசையின் மறுமுனையில் மரக் கரண்டி இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் துகள் கலந்துவிடும் என்று தோன்றியது.

சக்கைக் குவளை விற்பவர் ஃப்ளூரின் சேர்க்கவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். எழுத்தில் கேட்டதற்கு இரண்டு நாளாக மௌனமாக இருக்கிறார். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உரமேடு அவர்களுக்கு ஒரு கடைசிக் கேள்வி. உணவுக் கழிவைச் சேர்க்கும் தொட்டிக்குள் வழக்கம்போல் கறுப்புப் பிளாஸ்டிக் பை போட்டால் பரவாயில்லையா, அல்லது மட்கும் பை என்று விற்பதை வாங்க வேண்டுமா?


பதில் 7
எழுதியவர்: உரமேடு

பையே போடாதீர்கள். கட்டிய பை எந்த நிறத்தில் வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எங்களால் பிரிக்க முடியாது. மட்கும் பை என்றாலும் பட்டையில் நிற்பவருக்கு அது பை மட்டுமே. தொட்டியின் அடியில் பழைய அட்டையோ கசங்கிய காகிதமோ இரண்டு அங்குலம் போடுங்கள், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், தொட்டி கவிழ்க்கும்போது ஒட்டாது. ஒவ்வொரு வேளை முடிந்ததும் வண்டித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அலசிவிடுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் முதல் அரை மணி நேரம் யாராவது ஒருவர் நிற்கட்டும். ஸ்டீல் கரண்டிகளும் தட்டோடு சேர்ந்து உள்ளே விழும், எங்கள் காந்தம் ஸ்டீலில் எல்லா வகையையும் பிடிக்காது.